அத்தையை நான் கூட்டிப்போன கடற்கரை

அத்தை என்று நான் சொல்வது என் முதல் கணவரின் அம்மாவை. கணவர் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தபோது எனக்கு முப்பத்தோரு வயது. குழந்தை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், என்னைக் கூட்டிப்போவதற்காக அண்ணன் செம்பூரிலிருந்து டாக்சியில் வந்தான். தாராவியில் எங்கள் சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்து வந்தான். நான் பெட்டி கட்டி வைத்திருந்தேன். அத்தை அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அரிசி டப்பாவைத் திறந்து உழக்கைக் கையில் எடுத்தவள், "எத்தன பேருக்குட்டி போடணும்?" என்று மட்டும் கேட்டாள். ரெண்டு பேருக்கு என்றேன். அண்ணன் டீயைக் குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான்.

அதன் பிறகு நாலு வருஷம் நாங்கள் இருவரும் அந்த ஒற்றை அறையில் இருந்தோம். அத்தைக்கு மாட்டுங்காவில் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கும் வேலை. முகூர்த்த நாட்களில் விடிவதற்கு முன்பே போய்விடுவாள். எனக்கு செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை. சாயங்காலம் யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர் சமைக்க வேண்டும். நான் சமைத்த நாளில், "உப்ப டப்பாவுலயே விட்டுட்டியாட்டி?" என்று கேட்டுக்கொண்டே முழுவதையும் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். மகனைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் பிறந்த நாளில் மட்டும் பாயசம் வைப்பாள். இரண்டு பேரும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்போம்.

எங்கள் கிளினிக்குக்குப் பல் செட் செய்து தரும் லேப் ஒன்று உண்டு. அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை டப்பாக்களைக் கொண்டுவருபவர் காட்கோபரில் இருக்கும் ஒரு தமிழர். தம்பி தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து முடித்ததில் தனக்கு நாற்பது வயதாகிவிட்டதைக் கவனிக்காதவர். முதலில் டப்பாவை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு மழைநாளில் ஸ்டேஷன் வரை கூட வந்தார். அப்புறம் மழை இல்லாத நாட்களிலும் வந்தார். எட்டு மாதம் கழித்து, செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவரைப் பற்றி யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. "அவங்களும் நம்மகூட வந்து இருக்கட்டும்" என்று அவராகவே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அத்தையைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நம்பினேன்.

ஆனால் வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது தகரம்தான். அவர்கள் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அத்தை அழுதால் சந்தே வந்து வாசலில் நிற்கும். அவள் அழவோ என்னைத் திட்டவோ செய்தால் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தைக்குக் கடல் பிடிக்கும் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. நாங்குநேரிப் பக்கத்துக் காட்டு ஊரில் பிறந்து, கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. மாஹிமில் கரையில் நின்று பார்த்திருக்கிறாள். கணபதி கரைக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். கடலோரம் ஒரு ராத்திரி தங்கியதில்லை. "அந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்குதாவளோ" என்று டிவியில் கடற்கரை பங்களா வரும்போதெல்லாம் கேட்பாள்.

செல்போனில் தேடியதில் அலிபாக் பக்கத்தில் ஒரு கிராமத்து ரிசார்ட் கிடைத்தது. படங்களில் நீலமான நீச்சல் குளம் இருந்தது, கடலைப் பார்த்த பால்கனி இருந்தது, வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். கணபதி பண்டிகை முடிந்த மறுவாரம், அதுவும் வார நடுவில் என்பதால் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வாடகை. இரண்டு இரவுக்குப் பதிவு செய்தேன். கிளினிக்கில் லீவு கிடைத்திருக்கிறது, கடலுக்குப் போகலாம் என்று மட்டும் அத்தையிடம் சொன்னேன்.

தன் தம்பி மகன் கல்யாணத்துக்கு எடுத்த கரும்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு பை நிறைய புளியோதரை, முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய். கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் படகு ஏறினோம். படகைத் துரத்திக்கொண்டு வந்த பறவைகளுக்கு எல்லோரும் தீனி எறிந்தார்கள். அத்தையும் ஒரு முறுக்கை உடைத்து வீசினாள். பறவை அதைக் காற்றிலேயே கவ்விக்கொண்டதும் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

ரிசார்ட்டின் பெயர்ப் பலகையில் பாதி எழுத்துகள் இல்லை. மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், மருதாணி போட்ட தலைமுடி. சாவியைத் தேடி எடுக்கவே அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. அறையைத் திறந்ததும் மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வாடை முகத்தில் அடித்தது. சுவரில் ஈரம் படர்ந்து பெயிண்ட் உப்பியிருந்தது. படுக்கை விரிப்பில் எப்போதோ சிந்திய டீயின் கறை. துண்டு ஒன்றுதான் இருந்தது, அது மடிக்கப்படாமல் நாற்காலியில் கிடந்தது.

"கடல் தெரியும் என்று போட்டிருந்ததே?" என்று இந்தியில் கேட்டேன். மேனேஜர் என்னை பால்கனிக்கு அழைத்துப்போய், தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்துக் கட்டடத்தின் சுவருக்கும் நடுவில் கையைக் காட்டினார். ஒரு முழ அகலத்துக்குச் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் வந்து நின்ற அத்தைதான், "அந்தா தெரியுதுலா. ஒனக்குக் கண்ணு தெரியலன்னா அவரு என்ன செய்வாரு?" என்றாள்.

அன்று முழுவதும் அப்படித்தான். நீச்சல் குளத்தில் முழங்கால் அளவுக்குப் பச்சைத் தண்ணீரும் இலைகளும் கிடந்தன. "நாம என்ன நீஞ்சவா வந்தோம்?" என்றாள். ஏசி சொட்டியது. அதற்கு அடியில் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, "நல்லாக் குளுருதுல்லா, பொறவென்ன" என்றாள். ஜன்னல் திரை பாதி கொக்கிகள் இல்லாமல் தொங்கியது. ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அதைச் சரிசெய்தாள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டிலேயே குறை கண்டுபிடிக்கிறவள், மத்தியானம் அவர்கள் போட்ட வேகாத சோற்றையும் தண்ணீர்ப் பருப்பையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். நான் மேனேஜரிடம் போய்ப் பேசுகிறேன் என்று எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இருக்கட்டும்ட்டி. ஒன்னோட உழைப்புல கூட்டிட்டு வந்திருக்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

இறந்துபோன என் மாமனாருக்கு அவளை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியதே இல்லை. மகனுக்குத் தோன்றியிருக்கும், நேரம் கிடைக்கவில்லை. நான்தான் முதல் ஆள். அதனால் அந்த இடத்தைப் பற்றி யாரும், நானே கூட, குறை சொல்ல அவள் விடவில்லை. சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் பால்கனியில் நாற்காலி போட்டு அந்த ஒரு முழ அகலக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையில் கரைக்குப் போனோம். சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போக வேண்டும். கணபதி அலங்காரத்துத் தெர்மோகோல் துண்டுகளும் பூ நாரும் வழியெல்லாம் கிடந்தன. நீர் வற்றியிருந்த நேரம். கறுத்த ஈர மணலில் வெகுதூரம் நடந்துதான் தண்ணீரைத் தொட முடிந்தது. அத்தை புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். பிறகு கரையில் சுட்ட சோளம் விற்றவரிடம் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம்.

"அடுத்த வருசம் என் தம்பி பொண்டாட்டியையும் கூட்டிட்டு வருவோமா? அவளும் பாவம், எங்கயும் போனதில்ல" என்றாள்.

அடுத்த வருஷம் என்று அவள் சொன்னதும் எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

பல நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. காட்கோபரில் ஒருத்தர் இருக்கிறார், பல் செட் செய்கிற லேபில் வேலை, நல்ல குணம், குடிப்பதில்லை, தம்பி தங்கைக்கெல்லாம் முடித்துவிட்டார் என்று தலையும் வாலும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை சோளத்தைக் கடித்தபடியே கேட்டாள். நான் யாருக்கோ வரன் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"நல்ல எடமாத்தான் இருக்கு. யாருக்குட்டி பாக்க?"

"எனக்குத்தான் அத்தை."

சோளத்தை மடியில் வைத்தாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"எட்டு மாசமா."

"எட்டு மாசமா ஒனக்கு நான் தலைக்கு எண்ண வச்சிருக்கேன். ஒரு வார்த்த சொல்லல நீ."

"நீங்களும் எங்ககூட வந்து இருங்க அத்தை. அவரே சொல்லிட்டாரு. ஒங்கள விட்டுட்டு நான் போகமாட்டேன்."

நான் நம்பியிருந்தது அந்த வாக்கியத்தைத்தான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் முகம் மாறியது.

"என் மவன் பொண்டாட்டி இன்னொருத்தனுக்குச் சோறு போடுவா. நான் ஒரு மூலையில உக்காந்து அதப் பாத்துக்கிட்டே திங்கணும். அப்படித்தான?"

"அப்படி இல்ல அத்தை."

"பொறவு எப்படி?"

கையிலிருந்த சோளத்தின் முத்துகளை ஒவ்வொன்றாக மணலில் உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

"இதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அவள் கையூன்றி எழுந்து, எனக்காக நிற்காமல், தோப்பைப் பார்த்து நடந்தாள்.

ரிசார்ட் கேட்டுக்கு உள்ளே கால் கழுவ ஒரு குழாய் உண்டு. அத்தை அதைத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. இன்னொரு முறை திருகினாள். அப்புறம் மணல் ஒட்டிய காலோடு நேராக மேனேஜரின் மேஜைக்குப் போனாள்.

"நல் மே பானி நை! பைர் கைசே தோனே கா?" குழாயில் தண்ணீர் இல்லை, காலை எப்படிக் கழுவுவது என்று அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். இப்போது ஆள் அனுப்புகிறேன் என்றார். அத்தை விடவில்லை. நேற்று அவள் குறையே இல்லை என்று சொன்ன ஒவ்வொன்றும் இப்போது வெளியே வந்தது. விரிப்பில் கறை, வேகாத சோறு, ஒற்றைத் துண்டு, வெந்நீர் வராத பாத்ரூம், பாசி பிடித்த குளம். தெருவில் கற்ற பம்பாய் இந்தி. நடுவில் இந்தி தீர்ந்துபோனபோது நாங்குநேரித் தமிழிலேயே தொடர்ந்தாள்.

"மேடம், ஆஃப் சீசன்" என்று மேனேஜர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பஹ்லே போல்னே கா நா?" என்றாள் அத்தை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? "மொதல்லயே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேம்லா? எல்லாத்தையும் மறைச்சு வச்சுட்டு, சிரிச்சுப் பேசிக் கூட்டிட்டு வந்து, இங்க கொண்டுவந்து உக்கார வச்சுட்டு இப்பச் சொன்னா? ஒங்கள நம்பித்தான வந்தேன்? வயசானவதான, எங்க போயிருவான்னு நெனச்சியளோ?"

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஒரு குழாய்க்கு இவ்வளவு கோபமா என்று அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அத்தை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் யாருக்கு என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு விழுந்த அந்தத் திட்டுகளை என் மேல் வாங்கிக்கொள்ள நான் ஒன்றும் செய்யவில்லை. நின்றேன், அவ்வளவுதான். கடைசியில் அவர் சமையல்கட்டுக்குப் போய், தானே ஒரு வாளி வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அறை வாசலில் வைத்தார். கைகூப்பி, "மாஃப் கரோ, மா ஜீ" என்று மன்னிப்புக் கேட்டார். அத்தைக்குச் சட்டென்று எல்லாம் வடிந்துவிட்டது. வாளியைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தாள்.

"இப்பவே கிளம்பிருவோமா அத்தை? மத்தியானப் படகு இருக்கு" என்றேன்.

"எதுக்கு? ரெண்டு நாளுன்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்த. ரெண்டு நாளும் இருந்துட்டே போவோம்."

அன்றைய மிச்சப் பொழுதைப் போல நீளமான பொழுதை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்து தலையைப் பின்னிக்கொண்டாள். மத்தியானம் சாப்பாடு வந்தபோது, பழக்கத்தில் கரண்டியை எடுத்து முதலில் என் தட்டில் சோறு போட்டாள். பாதியில் கை நின்றது. அப்புறம் மீதியையும் போட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். ஒரே கட்டிலில்தான் படுத்தோம். மறுநாள் திரும்பும்போது படகில் அவள் ஒரு பக்கமும் நான் எதிர்ப் பக்கமுமாக உட்கார்ந்தோம். யாரும் பறவைகளுக்கு எதுவும் போடவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, மாவாட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "நாளு பாத்தாச்சா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "சட்டுனு பாருங்க. நான் எங்கயும் வரமாட்டேன். இது என் வீடு. நீ போ" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அத்தை அன்று மாட்டுங்காவுக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காட்கோபரிலிருந்து தாராவிக்குப் போனேன். டீ போட்டுக் கொடுப்பாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, மண்டபத்தில் புதிதாக வந்த சமையல்காரருக்கு அவியல் வைக்கத் தெரியவில்லை என்று பேசுவாள். என் வீட்டைப் பற்றி, அந்த வீட்டில் இருப்பவரைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்க நானும் உட்காரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. என் கணவர் சில ஞாயிறுகளில் கூட வருவார். சந்து முனையில் பேப்பர் கடையில் நின்றுகொள்வார். ஒரு மணி நேரம் கழித்து நான் வெளியே வருவேன். இருவரும் ஸ்டேஷனுக்கு நடப்போம். "இன்னிக்காவது கேட்டாங்களா?" என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். இப்படி இரண்டு வருஷம்.

போன மழைக்காலத்தில் அத்தைக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு வாங்கியது. அவள் தம்பி மகன் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தான். நான் ஓடினேன். வார்டு வாசலில் நர்ஸ் என்னை நிறுத்தி, பேஷண்டுக்கு நீங்கள் யார் என்று இந்தியில் கேட்டார். முன்பு மருமகளாக இருந்தேன் என்று சொன்னால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று தயங்கினேன். வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் அத்தை படுத்திருந்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் இழுத்துவிட்டு, "மேரி பஹூ" என்றாள். என் மருமகள். நர்ஸ் வழிவிட்டார்.

மூன்று நாள் லீவு போட்டு அவளுடனே இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், உடம்பு துடைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். தலையணையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டு, பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"அத்தை, அவரு கீழதான் நிக்காரு. தெனமும் வாராரு. மேல வரச் சொல்லட்டுமா?"

கண்ணை மூடியிருந்தாள்.

"இந்தக் கோலத்துலயா?" என்றாள். "வேண்டாம்ட்டி. வீட்டுக்கு வந்த பொறவு வரச் சொல்லு."

கீழே போய் அவரிடம் சொன்னேன். கையிலிருந்த சாத்துக்குடிப் பையை என்னிடம் கொடுத்து, "மொதல்ல இத ஜூஸ் போட்டுக் குடு" என்றார். அடுத்த ஞாயிறு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று நாங்கள் அந்தப் படிக்கட்டில் நின்று பேசினோம்.

அன்று சாயங்காலத்திலிருந்து மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மறுநாள் காலை டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே அத்தை போய்விட்டாள்.

தம்பி மகன் கொள்ளி வைத்தான். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள், நானும் அண்ணன் மனைவியும் மட்டும் மயானம் வரை போனோம். என் கணவர் கூட்டத்துக்குக் கடைசியில் நின்றிருந்தார். முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றபோது யாரிடமோ அனுமதி கேட்பதைப் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார். அத்தையை அவர் முதல் தடவையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும், "நீ சொல்றத வச்சு நல்ல பெரிய உருவமா இருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

"இல்ல, சின்ன உருவம்தான்" என்றேன்.